கூட்டாளிக்கு மறுப்புச் சொல்லும் வல்லமை: துருக்கியும் அமெரிக்காவும்

1964 ஜூன் 5 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் துருக்கியின் பிரதமர் இஸ்மெத் இனோனுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். சைப்ரஸ் தீவில் கிரேக்க சமூகத்துக்கும் துருக்கிய சமூகத்துக்கும் இடையே மூண்டிருந்த மோதலைக் காரணம் காட்டித் துருக்கி அங்கே படை இறக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அதைத் தடுப்பதே கடிதத்தின் நோக்கம். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. துருக்கி தன் விருப்பப்படி சைப்ரஸில் இறங்கி, அதன் விளைவாகச் சோவியத் ஒன்றியம் தலையிட்டால், துருக்கியைக் காக்கும் கடமை தமக்கு உண்டா என்பதை நேட்டோ நாடுகள் இன்னும் ஆலோசிக்கவில்லை என்பது முதலாவது. அமெரிக்கா கொடுத்த ஆயுதங்களை அமெரிக்காவின் ஒப்புதல் இல்லாமல் அந்தப் படையெடுப்பில் பயன்படுத்த முடியாது என்பது இரண்டாவது.

துருக்கி படையை அனுப்பவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அது மறக்கவும் இல்லை. 1966-இல் ஒரு துருக்கிய நாளிதழ் அதை வெளியிட்டபோது எழுந்த கோபம், அடுத்த தலைமுறை அதிகாரிகளின் மனத்திலும் அரசியல்வாதிகளின் மனத்திலும் ஆழமாகப் பதிந்தது. வலிமை மிகுந்த ஒரு கூட்டாளியிடமிருந்து ஒரு நாடு தன் வெளியுறவுக் கொள்கையைச் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்வது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொள்ள விரும்புகிறவருக்கு இந்தக் கடிதத்தை விட நல்ல தொடக்கப்புள்ளி கிடைப்பது அரிது. ஒரு சிறிய கூட்டாளி எந்த இரண்டு இடங்களில் கட்டுண்டு கிடக்கிறது என்பதை அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டது: ஆபத்தில் யார் வருவார் என்பது ஒன்று, கையிலிருக்கும் ஆயுதம் யாருடையது என்பது மற்றொன்று.

இந்தக் கருத்தை ஆய்வாளர்கள் ‘மூலோபாயத் தன்னாட்சி’ என்று அழைக்கின்றனர். சொல் சற்று மிரட்டலாக இருந்தாலும் பொருள் எளியது. ஒரு நாடு தன் பாதுகாப்பு, வணிகம், அயலுறவு ஆகியவற்றில் பிறருடைய அனுமதியை எதிர்பார்க்காமல் முடிவெடுக்கவும், எடுத்த முடிவின் விலையைத் தாங்கவும் பெற்றிருக்கும் திறனே அது. இரண்டாவது பகுதியைப் பலரும் விட்டுவிடுகின்றனர். ஆனால் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. மேடையில் நின்று வல்லரசைச் சாடுவதற்குத் தன்னாட்சி தேவையில்லை, ஒலிபெருக்கி போதும்.

இந்தியாவின் வரலாற்றோடு பழகிய நமக்கு இங்கே ஒரு குழப்பம் நேரக்கூடும். நாம் பள்ளியில் படித்த அணிசேராக் கொள்கை என்பது எந்த இராணுவக் கூட்டணியிலும் சேராமல் வெளியே நிற்பது. துருக்கியின் நிலை அதுவன்று. 1952 பிப்ரவரியில் நேட்டோவில் சேர்ந்த அந்த நாடு இன்றுவரை அதன் உறுப்பினர். கூட்டணியை விட்டு வெளியேறாமல், அதன் பாதுகாப்பையும் இழக்காமல், உள்ளிருந்தபடியே தன் முடிவுகளைத் தானே எடுப்பதற்கான இடத்தைப் பெரிதாக்கிக்கொள்வதே அதன் வழி. பிரான்சும் இவ்வழியில் நடந்ததுண்டு. 1966-இல் அதிபர் டி கோல் நேட்டோவின் ஒருங்கிணைந்த இராணுவத் தலைமையிலிருந்து தன் நாட்டை விலக்கிக்கொண்டார், ஆனால் கூட்டணி ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. எனினும் பிரான்சிடம் அப்போதே சொந்த அணுகுண்டு இருந்தது. துருக்கியிடம் அப்படி எதுவும் இல்லை, ஆகையால் அதன் கதை நீண்டதாகவும் வளைவுகள் மிகுந்ததாகவும் இருக்கிறது.

துருக்கி அமெரிக்காவைச் சார்ந்தது எப்படி என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சோவியத் ஒன்றியம், கருங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் நீரிணைகளில் தனக்குப் பங்கு வேண்டும் என்றும், கிழக்கே கார்ஸ், அர்தஹான் பகுதிகள் வேண்டும் என்றும் நெருக்கத் தொடங்கியது. 1947 மார்ச்சில் அதிபர் ட்ரூமன் கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவி அறிவித்தார். அந்த ஆண்டு ஜூலையில் கையெழுத்தான உதவி ஒப்பந்தத்தில், கொடுக்கப்படும் ஆயுதங்களை வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்த அமெரிக்காவின் சம்மதம் வேண்டும் என்ற விதி இருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து ஜான்சன் எடுத்துக்காட்டியது இதே விதியைத்தான். 1950-இல் கொரியப் போருக்குச் சுமார் 5,000 பேர் கொண்ட படையணியை அனுப்பிய துருக்கி, அதன் பின்னரே நேட்டோவுக்குள் அனுமதிக்கப்பட்டது. அதானா நகருக்கு அருகில் இன்ஜிர்லிக் வான்தளம் எழுந்தது. அச்சம் உண்மையானது, உதவியும் உண்மையானது. அதற்கு ஈடாக எதைக் கொடுத்தோம் என்ற கணக்கை அன்று எவரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

முதல் அதிர்ச்சி 1962-இல் வந்தது. இஸ்மிர் நகரை ஒட்டிய பகுதியில் அமெரிக்கா 15 ஜுப்பிட்டர் அணு ஏவுகணைகளை நிறுவியிருந்தது. கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, சோவியத் ஏவுகணைகள் கியூபாவிலிருந்து அகற்றப்பட்டால் துருக்கியில் இருப்பவையும் அகற்றப்படும் என்று அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதரிடம் இரகசியமாக உறுதியளித்தார். அந்தப் பேரத்தைப் பற்றித் துருக்கியிடம் எவரும் கேட்கவில்லை. 1963 ஏப்ரலுக்குள் ஏவுகணைகள் கழற்றப்பட்டன. அவை பழமையாகிவிட்டவை என்பதும், அவற்றின் இடத்தை நீர்மூழ்கிக் கப்பல்கள் எடுத்துக்கொண்டன என்பதும் உண்மையே. ஆயினும் தன் மண்ணில் இருந்த ஆயுதம் தனக்குத் தெரியாமல் பேரப்பொருளானது என்ற செய்தி பின்னர் வெளிப்பட்டபோது, அது ஜான்சன் கடிதத்தோடு சேர்த்தே படிக்கப்பட்டது.

கடிதத்துக்குத் துருக்கி அளித்த விடை உடைப்பாக இல்லை, மெல்லிய திருப்பமாக இருந்தது. 1966 டிசம்பரில் சோவியத் பிரதமர் கோசிகின் துருக்கியின் தலைநகர் அங்காராவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஏற்பட்ட பொருளாதார உடன்பாட்டின்படி, இஸ்கெந்தெருன் இரும்பாலை, சேதிஷெஹிர் அலுமினிய ஆலை, அலியாகா எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை சோவியத் கடனிலும் தொழில்நுட்பத்திலும் எழுந்தன. நேட்டோவின் உறுப்பு நாடு ஒன்று, அந்தக் கூட்டணி யாருக்கு எதிராக உருவானதோ அவரிடமே ஆலை கட்டும் உதவி பெற்றது என்பதை நினைத்துப் பார்த்தால், இன்று ரஷ்யாவோடு துருக்கி நடத்தும் கொடுக்கல் வாங்கல் திடீரென்று முளைத்ததன்று என்பது புரியும். இதை ஒரே ஒரு தலைவரின் குணமாக மட்டும் காட்டும் செய்திக் கட்டுரைகள் இந்த அறுபதுகளைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பது என் குறை.

சைப்ரஸ் மீண்டும் வெடித்தது 1974 ஜூலை 15 அன்று. கிரீஸின் இராணுவ ஆட்சியின் தூண்டுதலால் தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாள் கழித்து, துருக்கியப் பிரதமர் புலெந்த் எஜெவிட்டின் அரசு படையை இறக்கியது. இம்முறை தடுக்கக் கடிதம் போதவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு போதிய தரையிறக்கப் படகுகள் இல்லாமல் நின்ற துருக்கி இடைக்காலத்தில் அவற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் போரிலேயே ஒரு அவலமும் நேர்ந்தது. ஜூலை 21 அன்று துருக்கிய விமானங்கள் தங்கள் நாட்டுப் போர்க்கப்பலான கோஜாதெபெயை எதிரிக் கப்பல் என்று கருதித் தாக்கி மூழ்கடித்தன. இரு தரப்புக் கடற்படைகளிடமும் அமெரிக்காவில் கட்டப்பட்ட ஒரே மாதிரியான கப்பல்கள் இருந்ததும், கப்பலும் விமானமும் தமக்குள் சரிவரப் பேசிக்கொள்ள முடியாததும் அதற்குக் காரணங்களாயின.

அமெரிக்க நாடாளுமன்றம் 1975 பிப்ரவரி 5 முதல் துருக்கிக்கு ஆயுதத் தடை விதித்தது. கூட்டாளி நாட்டின் மீது விதிக்கப்பட்ட தடை என்பதால் இது வழக்கத்துக்கு மாறானது. துருக்கி அதே ஆண்டு ஜூலையில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டை நிறுத்திவைத்து, அமெரிக்கத் தளங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. இன்ஜிர்லிக் தளம் மட்டும் நேட்டோ பணிகளுக்கென்று விட்டுவைக்கப்பட்டது. 1978-இல் தடை நீங்கியது, தளங்கள் மீண்டும் திறந்தன. வெளியே பார்க்கும்போது எல்லாம் பழையபடி ஆனது போலத் தெரிந்தது. ஆனால் தடை நடைமுறையில் இருந்த அந்த ஆண்டுகளில் உள்நாட்டில் தொடங்கிய வேலை நிற்கவில்லை. தரைப்படைக்கு வலுவூட்டும் அறக்கட்டளை ஒன்றின் முயற்சியில் 1975-இல் அசெல்சான் நிறுவனம் தோன்றியது. முதலில் அது செய்யத் தொடங்கியவை இராணுவ வானொலிக் கருவிகள். கோஜாதெபெ மூழ்கிய கதையை அறிந்தவர்களுக்கு ஏன் வானொலி என்று விளக்க வேண்டியதில்லை. இன்று அது உலகின் பெரிய பாதுகாப்பு நிறுவனங்களின் வரிசையில் இடம்பெறுகிறது.

ஒரு நாடு தன் வல்லரசுக் கூட்டாளியிடமிருந்து விலகும்போது நாம் வழக்கமாகக் கவனிப்பது பேச்சுகளையும் சந்திப்புகளையும்தான். கவனிக்க வேண்டியது வேறு. நாம் மறுத்தால் அவர்கள் எதை நிறுத்துவார்கள் என்று அந்த நாடு தனக்குள் ஒரு பட்டியல் போடுகிறது: உதிரிபாகம், கடன், எரிபொருள், உளவுத் தகவல், பன்னாட்டு நிதியத்தில் ஆதரவு. அந்தப் பட்டியல் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவே தன்னாட்சி. ஆயுதத் தடை துருக்கிக்கு அந்தப் பட்டியலை அச்சிட்டே கொடுத்துவிட்டது என்று சொல்லலாம்.

எண்பதுகளும் தொண்ணூறுகளும் பெரும்பாலும் இணக்கமாகக் கழிந்தன. ஈராக் குவைத்தைக் கைப்பற்றிய 1990 ஆகஸ்டில் அதிபர் துர்குத் ஓசால் ஈராக்கின் எண்ணெய்க் குழாயை மூடினார், 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க விமானங்களுக்குத் தளத்தைத் திறந்துவிட்டார். போருக்குப் பின் ஈராக் வணிகம் படுத்ததும், எல்லைக்கு அப்பால் வடக்கு ஈராக்கில் குர்துகளின் தனி ஆட்சிப் பகுதி உருவானதும் துருக்கியின் கணக்கில் இழப்பாகப் பதிவாயின.

அந்தக் கசப்பு 2003-இல் வாக்குச்சீட்டில் வெளிப்பட்டது. ஈராக்கை வடக்கிலிருந்தும் தாக்க விரும்பிய அமெரிக்கா, 62,000 வீரர்களைத் துருக்கி வழியாக அனுப்ப அனுமதி கேட்டது. பொருளாதார நெருக்கடியிலிருந்து அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்த நாட்டுக்குப் பல நூறு கோடி டாலர் உதவியும் பேசப்பட்டது. மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் தீர்மானத்துக்கு ஆதரவாக 264 பேரும் எதிராக 250 பேரும் வாக்களித்தனர், 19 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். ஆதரவு வாக்குகளே அதிகம் என்றாலும், அவையில் இருந்தோரில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதியின்படி மூன்று வாக்குக் குறைவால் தீர்மானம் தோற்றது. துருக்கிக் கரைக்கு அருகே கப்பல்களில் காத்திருந்த அமெரிக்கப் படைப்பிரிவின் தளவாடங்கள் சூயஸ் வழியாகக் குவைத்துக்குச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. ஆளும் கட்சியின் தலைவராக இருந்த எர்துவான் தீர்மானம் நிறைவேற வேண்டும் என்றே விரும்பினார். தடுத்தவர்கள் அவருடைய கட்சி உறுப்பினர்களில் ஒரு பகுதியினரும் எதிர்க்கட்சியினரும், அவர்களுக்குப் பின்னால் போரை வெறுத்த பெரும்பான்மை மக்களும்தான். வெளியுறவுத் தன்னாட்சி எப்போதும் துணிச்சலான தலைவரிடமிருந்தே பிறக்கிறது என்பதில்லை. தலைவரே இணங்க ஆயத்தமாக இருந்தபோது, ஒரு பேரவையின் எண்ணிக்கை குறுக்கே நின்றதும் உண்டு. இராணுவ ஆட்சியோ ஒருவர் ஆட்சியோ நடக்கும் நாட்டில் வல்லரசு ஒருவரைச் சம்மதிக்கவைத்தால் போதும். வாக்குகள் எண்ணப்படும் நாட்டில் அந்த வசதி கிடைப்பதில்லை.

அடுத்த பெரிய முறிவு சிரியப் போரில் தோன்றியது. இஸ்லாமிய அரசு என்ற தீவிரவாத அமைப்பை எதிர்க்க 2014 முதல் அமெரிக்கா சிரியாவின் குர்துப் போராளிகளைத் துணைக்கொண்டது. துருக்கியைப் பொறுத்தவரை அவர்கள், 1984 முதல் தன்னோடு ஆயுதம் ஏந்திப் போரிட்டுவந்த பிகேகே என்ற குர்து அமைப்பின் கிளையினர். கூட்டாளி ஒருவர் தன் எதிரியைத் தன் கண்ணெதிரே ஆயுதபாணியாக்குகிறார் என்ற எண்ணம் அங்காராவில் உறுதிப்பட்டது. 2015 நவம்பரில் துருக்கி ஒரு ரஷ்யப் போர்விமானத்தைச் சுட்டு வீழ்த்தியபோது, ரஷ்யா சுற்றுலாப் பயணிகளையும் தக்காளி இறக்குமதியையும் நிறுத்தித் தண்டித்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அமெரிக்காவும் ஜெர்மனியும் துருக்கியில் வைத்திருந்த பேட்ரியட் வான்காப்பு ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்திருந்தன. 2016 ஜூலை 15 அன்று நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் துருக்கியின் சொந்த விமானப்படை விமானங்களே நாடாளுமன்றத்தின் மீது குண்டு வீசின. அதைத் திட்டமிட்டவர் என்று அரசு குற்றம்சாட்டிய மதகுரு ஃபெதுல்லா குலென் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்துவந்தார். அவர் அக்குற்றச்சாட்டை மறுத்தார், அமெரிக்கா அவரை ஒப்படைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2017 டிசம்பரில் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகள் வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை சுமார் 250 கோடி டாலர். 2019 ஜூலை 12 அன்று முதல் பாகங்கள் வந்திறங்கின. ஐந்தே நாட்களில் அமெரிக்கா துருக்கியை எஃப்-35 போர்விமானத் திட்டத்திலிருந்து நீக்கியது. 100 விமானங்கள் வாங்கத் திட்டமிட்டு, முன்பணமும் கட்டி, அந்த விமானத்தின் பல நூறு பாகங்களைத் தன் ஆலைகளில் தயாரித்துக்கொண்டிருந்த நாட்டுக்கு அது பெரிய அடி. 2020 டிசம்பரில், ரஷ்யாவிடம் பெரிய அளவில் ஆயுதம் வாங்குவோரைத் தண்டிக்கும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ், துருக்கியின் பாதுகாப்புக் கொள்முதல் நிறுவனத்தின் மீது தடைகளும் வந்தன. இந்தியாவும் 2018-இல் இதே எஸ்-400 அமைப்புக்கு ஒப்பந்தம் செய்தது, பெற்றும் வருகிறது. அதே சட்டத்தின் கீழ் இந்தியா மீது தடை விதிக்கப்படவில்லை. வெளியே நிற்பவருக்குக் கிடைக்கும் விட்டுக்கொடுப்பு உள்ளே இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. அமெரிக்காவுக்கு இந்தியா ஈர்க்கப்பட வேண்டிய நாடு, துருக்கியோ கட்டுப்பட வேண்டிய நாடு.

விலை ஆயுதத்தில் மட்டும் வசூலிக்கப்படவில்லை. துருக்கியில் சிறைப்பட்டிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஆண்ட்ரூ பிரன்சனின் விவகாரத்தில், 2018 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ட்ரம்ப் துருக்கிய எஃகின் மீதான வரியை 50 விழுக்காடாகவும் அலுமினிய வரியை 20 விழுக்காடாகவும் உயர்த்தியதாக அறிவித்தார். ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த துருக்கிய நாணயமான லிரா ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அக்டோபரில் பாதிரியார் விடுதலையானார். வெளிக்கடன் மிகுந்த பொருளாதாரத்தை வைத்துக்கொண்டு தனித்து நிற்பதன் எல்லை எது என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

ஆனால் இதே காலத்தில் வேறொரு கணக்கு துருக்கிக்குச் சாதகமாகத் திரும்பியது. ஆயுதம் தாங்கிய ஆளில்லா விமானங்களை அமெரிக்கா விற்க மறுத்ததால், துருக்கி அவற்றைத் தானே செய்யத் தலைப்பட்டது. பய்ரக்தார் டிபி2 என்ற அந்த விமானம் லிபியாவிலும், 2020-இல் அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியாவுக்கும் இடையே நடந்த நாகோர்னோ கராபாக் போரிலும், பின்னர் உக்ரைனிலும் பேசப்பட்டது. விற்க மறுத்தவர்களின் மறுப்பே ஒரு தொழிலை வளர்த்தது. முன்பு ஆயுதம் வாங்க வரிசையில் நின்ற நாடு, ஆயுதம் விற்று நட்பு வாங்கும் நிலைக்கு வந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது இந்த இரட்டை நிலை முழுமையாகத் தெரிந்தது. துருக்கி உக்ரைனுக்கு ஆளில்லா விமானங்கள் விற்றது, ஆனால் ரஷ்யா மீதான மேற்கத்தியப் பொருளாதாரத் தடைகளில் சேரவில்லை. நீரிணைகளில் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் 1936-ஆம் ஆண்டின் மோந்த்ரே உடன்படிக்கையைப் பயன்படுத்திப் போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு நீரிணைகளை மூடியது. கருங்கடலில் கரை இல்லாத பிற நாடுகளும் தம் போர்க்கப்பல்களை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. முன்னது ரஷ்யாவைக் கட்டுப்படுத்தியது, பின்னது நேட்டோ கப்பல்களையும் கருங்கடலிலிருந்து விலக்கிவைத்தது. அந்த ஜூலையில் உக்ரைன் தானியங்கள் கடல்வழியே வெளியேறுவதற்கான உடன்பாடு இஸ்தான்புல்லில் கையெழுத்தாயிற்று. கூட்டணிக்குள் இருப்பதே ஒரு பேரக்கருவியாகவும் ஆயிற்று. புதிய உறுப்பினரைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், ஸ்வீடனின் விண்ணப்பத்தைத் துருக்கி ஒன்றரை ஆண்டுக்கும் மேல் நிறுத்திவைத்தது. 2024 ஜனவரி 23 அன்று அதன் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. மூன்று நாள் கழித்து, சுமார் 2,300 கோடி டாலர் மதிப்பிலான எஃப்-16 விற்பனைக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை இசைவளித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நம்புவதற்கு நிறைய வெகுளித்தனம் வேண்டும்.

ஒரு சார்பிலிருந்து விலகுகிறவர் இன்னொரு சார்புக்குள் போய்விடக்கூடும் என்பதும் இக்கதையின் பகுதியே. துருக்கியின் இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. 2020-இல் திறக்கப்பட்ட துர்க்ஸ்ட்ரீம் குழாய் அதை மேலும் உறுதிப்படுத்தியது. மத்தியதரைக் கடற்கரையில் எழும் அக்குயு அணுமின் நிலையத்தைக் கட்டுவதும் நடத்துவதும் ரஷ்ய அரசு நிறுவனமான ரொசாட்டம். அதன் நான்கு உலைகளும் சேர்ந்து 4,800 மெகாவாட் தரக்கூடியவை. அமெரிக்காவிடம் மறுத்துப் பேசுவதற்கான துணிவை ரஷ்யாவின் எரிவாயுவிலிருந்து பெற்றால், ரஷ்யாவிடம் மறுத்துப் பேசும் துணிவை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வியை அங்காரா தவிர்க்க முடியாது. நேட்டோவை விட்டு அது விலகாததற்கு ஒரு காரணம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

எஃப்-35 கைநழுவியபின் துருக்கி தன் சொந்தப் போர்விமானத்தைத் தீவிரமாக உருவாக்கத் தொடங்கியது. கான் என்று பெயரிடப்பட்ட அது 2024 பிப்ரவரி 21 அன்று முதன்முறையாகப் பறந்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் துருக்கியுடையவை. அதைத் தூக்கிச் சென்ற இரண்டு எஃப்-110 எஞ்சின்கள் மட்டும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தவை. உள்நாட்டு எஞ்சின் ஆயத்தமாகும்வரை தொடக்கக்கால விமானங்களும் இதே எஞ்சினில்தான் பறக்க வேண்டும். 2025 செப்டம்பரில் துருக்கியின் வெளியுறவு அமைச்சர் ஹகான் ஃபிதான், அந்த எஞ்சின்களுக்கான உரிமங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தேங்கி நிற்பதாக வெளிப்படையாகக் கூறினார்.